நெவாடா: கடலுக்குப் போகாத ஆறுகளும் சொந்தமில்லாத நிலமும்

“நெவாடாவில் லாஸ் வேகஸ் தவிர என்ன இருக்கிறது? வெறும் பாலைவனம் எப்படி ஒரு மாநிலம் ஆனது? சூதாட்டம் ஏன் அங்கே மட்டும் அப்படி வேரூன்றியது? சுற்றிப் பார்க்கப் போனால் எங்கே போகலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்று கேள்விகளையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன், மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நெவாடாவில் விழும் மழை பெரும்பாலும் கடலைப் பார்ப்பதில்லை. நெவாடாவின் நிலம் பெரும்பாலும் நெவாடாவுக்குச் சொந்தமில்லை. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. பயிர் செய்யத் தண்ணீர் இல்லை, வரி விதிக்கப் போதிய நிலமும் இல்லை என்றால் ஒரு மாநிலம் எதை வைத்துப் பிழைக்கும்? மற்ற மாநிலங்கள் கூடாது என்று சொன்னதையெல்லாம் ஆகட்டும் என்று சொல்லிப் பிழைத்தது. இதுதான் முழு வரலாறு என்றால் அநியாயம். ஆனால் இந்த முனையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள சியரா நெவாடா மலைத்தொடரில் மோதி, தங்களிடம் இருப்பதை அங்கேயே கொட்டிவிடுகின்றன. மலைக்கு இந்தப் பக்கம் வருவது வறண்ட காற்று. அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த மழை பெறும் மாநிலம் இதுதான். ஆண்டுச் சராசரி 25 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. தெற்கே லாஸ் வேகஸில் அதில் பாதிகூடக் கிடையாது.

பாலைவனம் என்றதும் தட்டையான மணல்வெளியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அமெரிக்காவில் மலைகள் மிகுந்த மாநிலங்களில் நெவாடாவும் ஒன்று. பெயரிட்ட மலைத்தொடர்கள் மட்டும் முந்நூறுக்கு மேல். எல்லாம் ஏறக்குறைய வடக்கு தெற்காக, ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் வரைபடத்தில் இவற்றைப் பார்த்துவிட்டு, கம்பளிப்பூச்சிகளின் படை ஊர்ந்து போவதுபோல் இருக்கிறது என்றார். காரணம், இங்கே பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இழுபட்ட மேலோடு பாளம் பாளமாக உடைந்து சாய்கிறது. ஒரு விளிம்பு உயர்ந்து மலையாகிறது, பக்கத்துப் பாளம் தாழ்ந்து பள்ளத்தாக்காகிறது. இது பழங்கதை அல்ல, இன்றும் நடக்கிறது. 1954 டிசம்பர் 16 அன்று ஃபேர்வியூ சிகரப் பகுதியிலும் அதையடுத்த டிக்ஸி பள்ளத்தாக்கிலும் சில நிமிட இடைவெளியில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. அப்போது தரை பிளந்து ஏற்பட்ட மேட்டுச் சரிவுகளை இன்றும் நேரில் பார்க்கலாம்.

மாநிலத்தின் மிக உயர்ந்த இடம் 4,007 மீட்டர் உயரமுள்ள பவுண்டரி சிகரம். பெயருக்கேற்ப கலிபோர்னியா எல்லையை ஒட்டி நிற்கிறது. என்னைக் கேட்டால் கிழக்கு எல்லைப் பக்கம் இருக்கும் வீலர் சிகரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். 3,982 மீட்டர்தான் என்றாலும், அடிவாரப் பாலைவனத்திலிருந்து உச்சிப் பனி வரை ஒரே பார்வையில் தெரியும். அதன் சரிவில் 1964இல் நடந்தது அறிவியல் உலகம் இன்னும் வெட்கப்படும் ஒரு காரியம். பழைய தட்பவெப்பத்தை ஆராய வந்த ஒரு மாணவர், வனத்துறையின் அனுமதியோடு ஒரு பிரிசல்கோன் பைன் மரத்தை வெட்டினார். வளையங்களை எண்ணியபோது 4,800ஐத் தாண்டியது. அதுவரை உலகில் வயது கணக்கிட்ட தனி மரங்களில் அதுவே மூத்தது. வெட்டிய பிறகுதான் தெரிந்தது.

இனி ஆறுகள். மாநிலத்தின் பெரும்பகுதி ‘கிரேட் பேசின்’ என்ற பெரும் உள்நாட்டு வடிநிலத்தில் அடங்குகிறது. இங்கே ஆறுகள் மலையில் பிறக்கும், பள்ளத்தாக்கில் ஓடும், பிறகு ஓர் ஏரியிலோ உப்புப் படுகையிலோ முடிந்துவிடும். வடகிழக்கில் பிறக்கும் ஹம்போல்ட் ஆறு சுமார் 500 கிலோமீட்டர் மேற்கே போகிறது. போகப் போகப் பெருகுவதுதான் ஆற்றுக்கு அழகு. இது போகப் போக மெலிந்து, உவர்த்து, ஹம்போல்ட் சிங்க் என்ற சதுப்பில் செத்துப்போகிறது. 1840களில் இந்த வழியாகக் கலிபோர்னியாவுக்கு மாட்டுவண்டியில் போனவர்கள் இந்த ஆற்றைத் திட்டாமல் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அவர்கள் போயே இருக்க முடியாது. ஆறு முடிந்த இடத்திலிருந்து டிரக்கி ஆறு அல்லது கார்சன் ஆறு வரை 40 மைல் தூரம் சொட்டுக் குடிநீர் கிடையாது. இரவில்தான் நடந்தார்கள். வழி முழுக்க விட்டுப்போன வண்டிகளும் இறந்த மாடுகளும். பின்னால் ரயில் பாதை அதே தடத்தில் வந்தது. இன்றைய 80ஆம் எண் நெடுஞ்சாலையும் அதே தடம்தான்.

விதிவிலக்கு உண்டு. வடக்கு விளிம்பில் ஒவைஹீ போன்ற சில ஆறுகள் ஐடஹோவுக்குள் போய்க் கொலம்பியா ஆற்றின் வழியே கடல் சேர்கின்றன. தெற்கு மூலையை கொலராடோ ஆறு தொட்டுக்கொண்டு போகிறது. அந்த மூலைதான் லாஸ் வேகஸ் இருக்கும் மூலை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மண்ணை யாரும் இல்லாத வெற்றிடம் என்று சொல்வது வெள்ளையர்கள் பரப்பிய வசதியான பொய். வடக்கு, தெற்குப் பையூட்கள், மேற்கு ஷோஷோனிகள், கலிபோர்னியா எல்லையிலுள்ள டாஹோ ஏரியைச் சுற்றி வாஷோக்கள் என்று பல மக்கள் இங்கே வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். ஃபாலன் அருகே ஒரு குகையில் 1940இல் கண்டெடுத்த மனித உடல் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது என்று பிறகு தெரிந்தது. மரபணுச் சோதனை இன்றைய பழங்குடி மக்களோடு அதன் உறவை உறுதிசெய்த பிறகுதான், 2016இல் அதை ஃபாலன் பையூட்-ஷோஷோனி மக்களிடம் ஒப்படைத்தார்கள். லவ்லாக் குகையில் 1924இல் கிடைத்த வாத்துப் பொம்மைகளின் வயது சுமார் இரண்டாயிரம் ஆண்டு. கோரையை மடித்துக் கட்டி, மேலே சாயம் பூசி, சிலவற்றில் இறகும் செருகியிருந்தார்கள். ஏரியில் மிதக்கவிட்டால் மேலே பறக்கும் வாத்துகள் தம் இனம் என்று நம்பி இறங்கிவிடும். பாலைவனத்தில் வாத்து வேட்டையா என்று கேட்காதீர்கள். அங்கே அப்போது சதுப்பு ஏரிகள் இருந்தன.

அவர்களுடைய ஆண்டு ஒரு கணக்கில் ஓடியது. வசந்தத்தில் மீன் ஆறேறும் இடம், குளிர் தொடங்கும் முன் முயல் வேட்டை, இலையுதிர் காலத்தில் பின்யான் பைன் கொட்டை. பச்சைக் காயைக் கழியால் தட்டி உதிர்த்து, குழியில் வாட்டி, கொட்டையைப் பிரித்து, வறுத்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுவார்கள். குளிர்காலத்தைக் கடத்துவதே அந்த மாவுதான். இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. 1870களில் யுரேகா என்ற ஊரில் வெள்ளியையும் ஈயத்தையும் உருக்க உலைகள் வந்தன. உலைக்குக் கரி வேண்டும். சுற்றுவட்டாரப் பின்யான் காடுகள் முழுவதும் கரியாயின. ஒரு மக்களின் களஞ்சியம் இன்னொருவருடைய அடுப்புக்கு விறகாயிற்று. சண்டையை விட இதுதான் அவர்களை அதிகம் அழித்தது என்பது என் எண்ணம்.

சண்டையும் நடந்தது. 1860 மே மாதம், பையூட் சிறுமிகள் இருவரைக் கடத்தி அடைத்துவைத்த ஒரு வழித்தங்கலைப் பையூட்கள் தாக்கினார்கள். பழிவாங்கப் புறப்பட்ட சுமார் 100 பேர் கொண்ட தன்னார்வப் படை பிரமிட் ஏரி அருகே பொறியில் சிக்கிப் பெரும்பாலும் மாண்டது. போர் வேண்டாம் என்று தம் மக்களிடம் மன்றாடிய நுமாகா என்ற தலைவரே, போர் வந்தபோது அதை நடத்தவும் வேண்டியிருந்தது. அடுத்த மாதம் பெரிய படை வந்தது, முடிவு தெரிந்ததுதான்.

ஏன் அந்த ஆண்டு, ஏன் அந்த இடம்? ஏனென்றால் 1859இல் வெள்ளி கிடைத்துவிட்டது. கலிபோர்னியாவில் தங்கம் தேடிக் களைத்தவர்கள் வர்ஜினியா மலைத்தொடரில் மண்ணை அலசிக்கொண்டிருந்தார்கள். தங்கத் துகளோடு ஒரு நீலநிறச் சேறு வந்து தொல்லை கொடுத்தது. சபித்துக்கொண்டே அதை வழித்து எறிந்தார்கள். யாரோ ஒரு கட்டியைக் கலிபோர்னியாவுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தபோது, டன்னுக்கு 3,000 டாலருக்கு மேல் பெறும் தாது என்று தெரிந்தது. அதுதான் காம்ஸ்டாக் படிவு. பெயர் கொடுத்த ஹென்றி காம்ஸ்டாக் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. கண்டுபிடித்த இரண்டு அயர்லாந்துக்காரர்களிடம் போய், இது என் நிலம் என்று வாயாலேயே பங்கு வாங்கினார். பதினொன்றாயிரம் டாலர் அளவுக்கு அந்தப் பங்கை விற்று, செலவழித்து, 1870இல் மொன்டானாவில் தற்கொலை செய்துகொண்டார். பிறகு அந்தப் படிவு தந்தது 30 கோடி டாலருக்கும் மேல்.

காம்ஸ்டாக்கில் பிரச்சினை தாது குறைவாக இருந்ததல்ல, அளவுக்கு மீறி அகலமாக இருந்தது. தாது மெத்தென்று உதிரும். குடைந்தால் மேலே விழும். 1860இல் பிலிப் டைடெஸ்ஹைமர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், தடித்த மரச்சட்டங்களைப் பெட்டி பெட்டியாகப் பூட்டி, குடைந்த இடத்தை அந்தப் பெட்டிகளாலேயே நிரப்பிக்கொண்டு போகும் முறையைச் செய்து காட்டினார். வேலைக்கு ஆயிற்று, ஆனால் டாஹோ ஏரியைச் சுற்றியிருந்த காடு முழுவதும், படிவின் மேல் எழுந்த சுரங்க ஊரான வர்ஜினியா சிட்டிக்குக் கீழே புதைந்தது. ஆழம் போகப் போக வெந்நீர் பீறிட்டது. தொழிலாளர்களுக்குப் பனிக்கட்டி கொடுத்து, சில நிமிட வேலைக்குச் சில நிமிட ஓய்வு என்று மாற்றி மாற்றி இறக்கினார்கள். அந்த வெந்நீரை வடிக்க அடால்ஃப் சூட்ரோ என்பவர் 6 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்க வாய்க்காலைப் பல ஆண்டுகள் போராடித் தோண்டி 1878இல் முடித்தார். அதற்குள் நல்ல தாது தீர்ந்துகொண்டிருந்தது. சூட்ரோ விவரமானவர். பங்கை விற்றுவிட்டுச் சான் பிரான்சிஸ்கோவில் நிலம் வாங்கிப் போட்டு, பின்னால் அந்நகர மேயரும் ஆனார். காம்ஸ்டாக் பணம் போன வழியும் அதுதான். மாளிகைகளும் வங்கிகளும் சான் பிரான்சிஸ்கோவில் எழுந்தன. நெவாடாவில் தங்கியது மண்மேடு.

மாநிலமானது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். உள்நாட்டுப் போருக்கு வெள்ளி தேவைப்பட்டது, அதனால் லிங்கன் மாநிலமாக்கினார் என்று எல்லாரும் சொல்வார்கள். அது தவறு. 1861இலிருந்தே நெவாடா, மாநிலமாகாமல் மத்திய அரசு நேரடியாக ஆளும் ஆட்சிப்பகுதி. மாநிலம் ஆனதால் கூடுதலாக ஓர் அவுன்ஸ் வெள்ளிகூட வரப்போவதில்லை. தேவைப்பட்டது வாக்குகள். 1864 நவம்பர் 8 அன்று அதிபர் தேர்தல். அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தமும் காத்திருந்தது. மாநிலமாவதற்கு 60,000 பேராவது வேண்டும் என்பது அன்றைய வழக்கம். 1870 கணக்கெடுப்பில்கூட நெவாடாவில் இருந்தவர்கள் 42,491 பேர்தான். அதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அனுப்பிய அரசியல் சட்டப் பிரதி வாஷிங்டன் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும், முழுவதையும் தந்தியில் அடித்தார்கள்: 16,543 சொற்கள், கட்டணம் 4,303 டாலர் 27 சென்ட். அக்டோபர் 31 அன்று மாநிலம் பிறந்தது. இத்தனை அவசரமாகப் பெற்ற மூன்று தேர்வாளர் வாக்குகளில் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தின் சார்பில் போடும் வாக்குகள்) ஒன்று கடைசியில் போடப்படவே இல்லை. அந்த ஒரு தேர்வாளர் வந்து சேரவில்லை.

அந்த அவசரத்தில் கையெழுத்திட்ட நிபந்தனைகளில் ஒன்று, யாருக்கும் ஒதுக்கப்படாத பொது நிலத்தின் மீது மாநிலத்துக்கு எந்த உரிமையும் இல்லை என்பது. மேற்கு மாநிலங்கள் பலவும் இப்படித்தான் எழுதிக்கொடுத்தன. மற்ற இடங்களில் குடியேறிகள் வந்து நிலத்தைப் பட்டா போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் இல்லாத நெவாடா நிலத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. பள்ளிக்கூடங்களுக்கென்று மத்திய அரசு ஒதுக்கிய சுமார் 39 லட்சம் ஏக்கரைக்கூட 1880இல் திருப்பிக் கொடுத்து, விரும்பிய இடத்தில் 20 லட்சம் ஏக்கராக மாற்றிக்கொண்டு, ஏறக்குறைய அத்தனையையும் விற்றுத் தீர்த்தது மாநிலம். வாங்கியவர்கள் ஊற்றும் ஓடையும் இருக்கும் இடங்களாகப் பார்த்து வாங்கினார்கள். தண்ணீரைப் பிடித்தவன் சுற்றியுள்ள மேய்ச்சலையும் பிடித்தான். 1979இல் பொது நிலம் எங்களுக்கே என்று சட்டமன்றம் சட்டம் போட்டதும், அண்மைக் காலத்தில் மாடு மேய்ப்பவர்கள் துப்பாக்கியோடு மத்திய அதிகாரிகளை எதிர்த்து நின்றதும் இதன் தொடர்ச்சி. அவர்கள் சொல்லும் ‘எங்கள்’ என்ற உரிமைக்குள் ஷோஷோனிகள் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1863இல் ரூபி பள்ளத்தாக்கில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவர்கள் வழிவிடத்தான் சம்மதித்தார்கள், நிலத்தைக் கொடுக்கவில்லை. 1979இல் நட்ட ஈடாக 2 கோடியே 60 லட்சம் டாலர் தீர்ப்பானது. வாங்க மறுத்தார்கள். அவர்கள் சார்பில் அரசே அரசிடமிருந்து பெற்றுக்கொண்டதாகக் கணக்கு எழுதி, அதோடு உரிமை முடிந்தது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெள்ளி விலை சரிந்து சுரங்கங்கள் மூடியபோது மாநிலமே கரைந்தது. 1880இல் 62,266 ஆக இருந்த மக்கள்தொகை 1900இல் 42,335. மாநிலத் தகுதியையே பறிக்க வேண்டும் என்று கிழக்கே பத்திரிகைகளில் எழுதினார்கள். அப்போதுதான் மற்றவர்கள் தடுப்பதை அனுமதித்துப் பிழைக்கும் தொழிலை நெவாடா கற்றுக்கொண்டது. 1897இல் பரிசுப்பணக் குத்துச்சண்டையைச் சட்டப்பூர்வமாக்கியது. வேறு எங்கும் நடத்த முடியாமல் இருந்த கார்பெட், ஃபிட்ஸ்சிம்மன்ஸ் உலகப் பட்டப் போட்டி கார்சன் சிட்டிக்கு வந்தது. 1910இல் கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன், ஜிம் ஜெஃப்ரீஸ் போட்டியைக் கலிபோர்னியா ஆளுநர் தடுத்தார். நெவாடாவின் வடமேற்கிலுள்ள ரீனோ நகரம் வாரி அணைத்துக்கொண்டது. இடையில் டோனோபாவில் வெள்ளியும் கோல்ட்ஃபீல்டில் தங்கமும் கிடைத்து ஒரு சுற்று மூச்சு வந்தது. சுமார் 20,000 பேரோடு மாநிலத்திலேயே பெரிய ஊராக இருந்த கோல்ட்ஃபீல்டில் இன்று சில நூறு பேர் இருந்தாலே அதிகம்.

அடுத்து விவாகரத்து. மற்ற மாநிலங்களில் மணமுறிவு பெறுவது குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. நெவாடாவில் ஆறு மாதம் குடியிருந்தால் போதும். போட்டிக்கு வேறு மாநிலங்கள் வரவும் 1927இல் மூன்று மாதமாகக் குறைத்தார்கள், 1931இல் ஆறு வாரம். நியூயார்க்கிலிருந்து வசதியான பெண்கள் ரயிலேறி ரீனோ வந்து, தங்கும் விடுதிகளிலும் பண்ணைகளிலும் ஆறு வாரம் கழித்தார்கள். கடைசி நாளில் வீட்டுக்காரம்மா நீதிமன்றம் வந்து, “இவரை ஒவ்வொரு நாளும் இங்கே பார்த்தேன்” என்று சாட்சி சொல்வார். நெவாடாவிலேயே நிலையாகக் குடியிருக்கப் போகிறீர்களா என்று நீதிபதி கேட்பார். ஆமாம் என்று சத்தியம் செய்துவிட்டு, தீர்ப்பு வாங்கிய கையோடு ரயிலேறிவிடுவார்கள். பொய் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஆறு வாரச் சட்டத்தில் ஆளுநர் ஃப்ரெட் பால்சர் கையெழுத்திட்ட நாள் 1931 மார்ச் 19. அதே நாளில்தான் சூதாட்டச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். சூதாட்டம் நெவாடாவுக்குப் புதிதல்ல. 1869இல் அனுமதித்து, 1909 சட்டத்தால் தடைசெய்தார்கள். தடை வந்ததும் அது பின்னறைக்குப் போனது, அவ்வளவுதான். பெருமந்தக் காலத்தில், எப்படியும் நடப்பதற்கு உரிமக் கட்டணமாவது வரட்டும் என்று முடிவு செய்தார்கள். மசோதா கொண்டுவந்தவர் வடக்கே ஹம்போல்ட் கவுன்ட்டியை (மாவட்டத்தை)ச் சேர்ந்த ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். லாஸ் வேகஸை மனத்தில் வைத்து யாரும் செய்யவில்லை. 1950 வரை ரீனோதான் பெரிய ஊர்.

லாஸ் வேகஸின் கதையே தனி. 1864இல் அது நெவாடாவிலேயே இல்லை, அரிசோனா ஆட்சிப்பகுதியில் இருந்தது. 1866இல் நாடாளுமன்றம் அந்த முக்கோணத்தை வெட்டி நெவாடாவுக்குக் கொடுத்தது. அரிசோனா கத்திப் பார்த்தும் பயனில்லை. பாலைவனத்தின் நடுவே ஊற்றும் புல்வெளியுமாக இருந்த இடம் அது. 1855இல் மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கோட்டை கட்டி, சில ஆண்டுகளில் விட்டுப் போனார்கள். 1905 மே 15 அன்று ரயில்வே நிறுவனம் மனைகளை ஏலம் விட்டதிலிருந்துதான் ஊர் தொடங்குகிறது. ஊரை நிலைநிறுத்தியது அணை. 1931இல் தொடங்கி 1935இல் திறந்த கொலராடோ ஆற்றின் 221 மீட்டர் உயர ஹூவர் அணை ஆயிரக்கணக்கான கூலிகளைச் சம்பளத்தோடு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அணைத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு கட்டிய போல்டர் சிட்டியில் சூதாட்டம் கூடாது, இன்றும் கூடாது. அதனால் சம்பள நாளில் எல்லாரும் லாஸ் வேகஸ் போனார்கள்.

1946இல் ஃபிளமிங்கோ சூதாட்ட விடுதி, அதைத் திறந்த குண்டர் பக்ஸி சீகல், குண்டர் கும்பல்களின் காலம், 1966இல் விடுதிகளை வாங்க வந்த கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ், பிறகு பெரு நிறுவனங்கள். இந்தப் பகுதி ஏற்கெனவே போதுமான அளவு சொல்லப்பட்டுவிட்டது, நானும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லப்படாதது இரண்டு. ஒன்று, நீங்கள் படங்களில் பார்க்கும் ‘ஸ்டிரிப்’ என்ற சூதாட்ட விடுதிச் சாலை லாஸ் வேகஸ் நகரத்தில் இல்லை. நகர எல்லைக்குத் தெற்கே, பாரடைஸ் என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. நகராட்சி வரிக்குள் சிக்காமல் இருக்க விடுதிக்காரர்கள் 1950இல் செய்த ஏற்பாடு. இரண்டு, 1950கள் வரை அங்கே மேடையேறிப் பாடிய கறுப்பினக் கலைஞர்கள் அதே விடுதியில் தங்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் ரயில் பாதைக்கு அப்பால் கறுப்பினத்தவர் வாழ்ந்த வெஸ்ட்சைடுக்குப் போக வேண்டும். 1960 மார்ச்சில் ஊர்வலம் நடத்துவோம் என்று ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பல் மருத்துவர் தலைமையில் எச்சரித்த பிறகுதான் விடுதிகள் கதவைத் திறந்தன.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். கொலராடோ ஆற்றில் கீழ்ப்படுகை மாநிலங்களுக்கு 1928 சட்டம் வகுத்த பங்கு: கலிபோர்னியாவுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி), அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம். நம் கணக்கில் நெவாடாவுக்கு வெறும் 13 டி.எம்.சி. அன்றைக்கு அதுவே அதிகம் என்று தோன்றியது, அங்கே யார் இருந்தார்கள்? 2020 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் 31 லட்சம் பேரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுன்ட்டியில். எப்படிச் சமாளிக்கிறார்கள்? வீட்டுக்குள் பயன்படுத்தி வெளியேறும் நீரைச் சுத்திகரித்து, ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். எவ்வளவு திருப்பினார்களோ அவ்வளவைப் பங்குக்கு மேல் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே குளியலறையில் எவ்வளவு குளித்தாலும் பெரிய நட்டமில்லை. புல்தரைக்கு விடும் தண்ணீர்தான் ஆவியாகித் திரும்பாமல் போகிறது. அழகுக்கு மட்டும் வளர்க்கும் புல்லை அகற்ற வேண்டும் என்று 2021இல் சட்டமே போட்டார்கள். விடுதி நீரூற்றுகளைப் பார்த்துப் பொறுமுவது எளிது, ஆனால் குற்றவாளி சாலை நடுவே இருக்கும் அந்தப் பச்சைத் துண்டுதான்.

வடக்கே நடந்தது இதற்கு நேர் எதிர். டிரக்கி ஆறு டாஹோவில் புறப்பட்டு ரீனோ வழியாகப் பிரமிட் ஏரியில் முடிகிறது. பாலைவனத்தைக் கழனியாக்குகிறோம் என்று 1905இல் டெர்பி அணை கட்டி அந்த ஆற்றை ஃபாலன் பக்கம் திருப்பினார்கள். மத்திய அரசின் முதல் பாசனத் திட்டங்களில் ஒன்று அது. பிரமிட் ஏரியின் மட்டம் சுமார் 24 மீட்டர் இறங்கியது. பக்கத்திலிருந்த வின்னமக்கா ஏரி 1930களின் இறுதியில் முற்றாக வற்றியது. ஆறேறி முட்டையிடும் லஹோன்டன் டிரவுட் மீனுக்கு வழி அடைபட்டது. 1925இல் ஒரு பையூட் மீனவர் பிடித்த மீன் 41 பவுண்டு, 18 கிலோவுக்கு மேல். 1940களின் தொடக்கத்தில் அந்த இனமே ஏரியில் இல்லை. பையூட்கள் விடவில்லை, பல பத்தாண்டுகள் வழக்கு நடத்தினார்கள். இதற்கிடையில் 1970களில், எல்லையோரப் பைலட் சிகரத்தின் யூட்டா பக்கத்தில் ஒரு சின்ன ஓடையில் அதே மீன் வகை தென்பட்டது. யாரோ எப்போதோ கொண்டுபோய் விட்டது. அதைப் பெருக்கி 2006இலிருந்து பிரமிட் ஏரியில் மீண்டும் விட்டார்கள். இன்று பெரிய மீன்கள் கிடைக்கின்றன.

மாநிலம் அனுமதிக்காமலே வந்தவையும் உண்டு. 1951 ஜனவரி 27 தொடங்கி 1992 வரை லாஸ் வேகஸுக்கு வடமேற்கே நடந்த அணுகுண்டுச் சோதனைகள் 928. அவற்றில் 100 திறந்த வெளியில். ஊரில் விடுதி மாடியில் நின்று மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். காற்று நகரங்களின் பக்கம் வீசாத நாளாகப் பார்த்து வெடித்தார்கள். அப்படியானால் கதிர்த்தூசு எங்கே போயிற்று? கிழக்கே, யூட்டாவின் சிற்றூர்களுக்கு. 1987இல் நாடு முழுவதன் அணுக்கழிவையும் புதைக்க நெவாடாவின் யக்கா மலையை மட்டும் ஆராய்வது என்று நாடாளுமன்றம் முடிவு செய்தபோது நெவாடா முடியாது என்றது. அந்தச் சுரங்கப்பாதை இன்றும் கழிவில்லாமல் கிடக்கிறது.

தங்கம் மட்டும் போகவில்லை. 1961இல் கார்லின் பகுதியில் கண்ணுக்கே தெரியாத நுண்துகளாகத் தங்கம் இருப்பது உறுதியானது. அமெரிக்கத் தங்க உற்பத்தியில் 70 சதவீதத்துக்கும் மேல் இன்று நெவாடாவுடையது. ஆனால் சுரங்கத்தின் நிகர வருவாய் மீது 5 சதவீதத்துக்கு மேல் வரி கூடாது என்று மாநில அரசியல் சட்டமே தடுக்கிறது. சூதாட்ட விடுதிக்குக் கிடைக்காத சலுகை இது.

நீங்கள் போவதாக இருந்தால் லாஸ் வேகஸை விட்டு ரீனோவில் இறங்குங்கள். வர்ஜினியா சிட்டி ஒரு நாள், பிரமிட் ஏரி ஒரு நாள். ஏரி பையூட் மக்களின் நிலம், அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு 50ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பி ஃபாலன், ஆஸ்டின், யுரேகா, ஈலி வழியாக கிரேட் பேசின் தேசியப் பூங்கா வரை போங்கள். ஒரு கணவாய் ஏறி இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி ஒரு கணவாய். மேலே சொன்ன நிலவியல் முழுவதும் கார் கண்ணாடியிலேயே தெரியும். வீலர் சிகரச் சாலையின் மேல்பகுதி பனிக்காலத்தில் மூடியிருக்கும், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை போவது நல்லது. ஒவ்வோர் ஊரிலும் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், பாதித் தொட்டி இருந்தாலும் சரி. ஃபாலனை விட்டால் ஆஸ்டின் வரை 170 கிலோமீட்டருக்கு மேல். இடையில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.